கண்ணுக்குள் அழற்சியும் அதை அடக்கும் சைட்டோகைனும்: கோத்தகிரி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் தங்கைக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர்கள் இதை யுவியைட்டிஸ் என்று எழுதுவார்கள். அவளோடு கோயம்புத்தூருக்கு இறங்கி ஏறியதில் நான் கற்றது நிறைய. அதே நோயோடு கடைக்கு வருகிறவர்களும் நிறைய. சமீபமாக எல்லோரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள்: "அழற்சியை அடக்குற சைட்டோகைன்னு ஒண்ணு நம்ம உடம்பிலேயே இருக்காம், அதை வெச்சே கண்ணைக் குணப்படுத்திடலாமாம், உண்மையா?" கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவைத்தேன். நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மெட்ராஸ் ஐ தானேங்க இது? நாலு நாள்ல தானா போயிடாதா?

மெட்ராஸ் ஐயில் கண் முழுக்கச் சிவக்கும், பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஆனால் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். யுவியைட்டிஸின் முன்பக்க வகையில் பீளை இருக்காது. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கும், உள்ளுக்குள் வலிக்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும், பார்வை மங்கும். பின்பக்க வகையில் வலியோ சிவப்போ இல்லாமல்கூட இருக்கலாம். கண் முன்னால் பூச்சி பறப்பது போலவும் புகை படிந்தது போலவும் மட்டும் தெரியும்.

இங்கே பனிமூட்டம் அதிகம் என்பதால் "மூட்டமா இருக்கு, அதான் மங்கலாத் தெரியுது" என்று வாரக்கணக்கில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது மூட்டம் இல்லை. சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து கேட்காதீர்கள், நானும் தரமாட்டேன். ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால்தான் கண்ணுக்குள் அழற்சிச் செல்கள் மிதக்கின்றனவா என்று தெரியும்.

எனக்கு அடியே படலையே, கண்ணுக்குள்ள எதுக்கு வீக்கம் வரணும்?

இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, கிருமி. காசநோய், ஹெர்பிஸ், சிபிலிஸ், டாக்ஸோபிளாஸ்மா எல்லாம் கண்ணுக்குள் வரும். 1993-இல் மழை வெள்ளத்துக்குப் பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாக யுவியைட்டிஸ் நோயாளிகள் வந்தார்கள். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிதான் காரணம் என்று அங்கே ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். 2004-இல் கோயம்புத்தூரில் டாக்ஸோபிளாஸ்மாவால் பலருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது. அது குடிநீர் வழியாகப் பரவியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதனால் காரட் பாத்தியில், மாட்டுக் கொட்டகையில், கூடலூர்ப் பக்கம் வயலில் ஈரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சின்ன விவரம் போலத் தோன்றும், ஆனால் அவருக்குத் தேவையானது.

இன்னொரு வழி, நம் எதிர்ப்புச் சக்தியே நம் கண்ணைத் தாக்குவது. காலையில் எழுந்ததும் இடுப்பு முதுகு இறுகிப்போய், நடமாடினால் சரியாகும் ஆட்களுக்கு ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபுக்கூறு இருக்கலாம். அவர்களில் சிலருக்கு முன்பக்க அழற்சி திரும்பத் திரும்ப வரும். எத்தனை தேடியும் காரணம் கிடைக்காதவர்களும் உண்டு, என் தங்கை அந்த வகை. சைட்டோகைன் பற்றி இனிமேல் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிக்குத்தான் பொருந்தும். கிருமி இருந்தால் முதலில் கிருமியைக் கொல்ல வேண்டும்.

பையன் கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. மூட்டு டாக்டர் எதுக்கு மூணு மாசத்துக்கொரு தடவை கண் டாக்டர்கிட்ட போகச் சொல்றாரு?

சின்ன வயதில் வரும் மூட்டுவாதத்தோடு சேர்ந்து வரும் கண் அழற்சியில் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. பிள்ளையும் ஒன்றும் சொல்லாது. தெரியவரும்போது கண்புரையும் அழுத்தமும் வந்திருக்கும். தயவுசெய்து போங்கள்.

சைட்டோகைன்னா என்னங்க? மருந்தா, கிருமியா?

இரண்டும் இல்லை. நம் உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளிவிடும் சின்னச் சின்னப் புரதங்கள். தேயிலைத் தொழிற்சாலைச் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். காலைச் சங்கு ஊதினால் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள், மாலைச் சங்கு ஊதினால் கலைகிறார்கள். டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1, 6, 17 ஆகியவை காலைச் சங்கு. அவை ஊதினால் வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்து திரளும், அதுதான் அழற்சி. இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லூக்கின்-1 ஏற்பி எதிரி (இன்டர்லூக்கின்-1-ஐ வேலை செய்யவிடாமல் தடுப்பது), இன்டர்லூக்கின்-35 போன்றவை மாலைச் சங்கு. காயம் ஆறவேண்டிய நேரத்தில் "போதும், கலையுங்கள்" என்பவை.

நாள்பட்ட யுவியைட்டிஸில் காலைச் சங்கு ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது, மாலைச் சங்கு அதை மீறிக் கேட்பதில்லை. இந்த உவமை முழுக்கச் சரியில்லை. ஒரே சைட்டோகைன் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப இரண்டு வேலையும் செய்யும். அந்தச் சிக்கல் கீழே வருகிறது.

இந்த அடக்குற சைட்டோகைன் ஏற்கெனவே கண்ணுக்குள்ள இருக்கா?

இருக்கிறது, அதுவும் மற்ற உறுப்புகளைவிடச் சிறப்பாக. தோலில் அழற்சி வந்து போனால் தழும்போடு போகும். விழித்திரை செல் போனால் திரும்ப முளைக்காது. அதனால் கண் தன்னைச் சண்டையிலிருந்து தானே காத்துக்கொள்கிறது. 1948-இல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி ஒரு முயலின் தோல் துண்டை வேறொரு முயலின் கண் முன்னறையில் ஒட்டிப் பார்த்தார். உடம்பின் மற்ற இடங்களில் சீக்கிரம் நிராகரிக்கப்படும் துண்டு, அங்கே தாக்குப்பிடித்தது.

கண்ணின் முன்பக்க நீரிலேயே டிஜிஎஃப்-பீட்டாவின் இரண்டாம் வகை இயல்பாக இருக்கிறது. அங்கே நுழையும் வெள்ளை அணுக்களை அது அமைதிப்படுத்துகிறது. யுவியைட்டிஸ் என்பது இந்தக் காவல் உடைந்த நிலை. உடைந்ததைத் திரும்பக் கட்டலாமா என்ற கேள்வியிலிருந்துதான் சைட்டோகைன் சிகிச்சை என்ற யோசனையே பிறந்தது.

அப்போ அதையே ஊசியில ஏத்திட்டா முடிஞ்சு போச்சே? ஏன் இன்னும் குடுக்க மாட்டேங்கறாங்க?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. தங்கைக்காக நானே ஏங்கிக் கேட்டதும் இதுதான். இன்டர்லூக்கின்-10-ஐ எடுத்துக்கொள்வோம். 1989-இல் கண்டுபிடித்தபோது, மற்ற சைட்டோகைன்களின் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் என்றே பெயர் வைத்தார்கள். சோதனை எலிகளுக்கு விழித்திரைப் புரதம் ஒன்றைச் செலுத்தி யுவியைட்டிஸ் வரவழைக்கலாம். அந்த எலிகளில் இன்டர்லூக்கின்-10 அழற்சியைக் குறைத்தது. இன்டர்லூக்கின்-35-உம் எலிகளில் இதே நோயை அடக்கியது என்று அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவன விஞ்ஞானிகள் 2014-இல் வெளியிட்டார்கள். நம்பிக்கை தருகிற முடிவுகள் இவை, சந்தேகமில்லை.

மனிதரிடம் வரும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. முதலாவது, ஆயுள். ரத்தத்தில் போட்ட இன்டர்லூக்கின்-10 சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயோ வருடக்கணக்கில் இருக்கிறது. கண்ணுக்குள் நேராகப் போடலாம், ஆனால் கண்ணின் உள் ஜெல் மொத்தமே சுமார் 4 மில்லி. ஒரு தடவைக்கு 0.05 மில்லிதான் வழக்கமாகப் போடுவார்கள். அடிக்கடி குத்தினால் உள்ளே கிருமி நுழையும் ஆபத்தும் கூடும்.

இரண்டாவது, அளவு. குரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோயாளிகளுக்கு இன்டர்லூக்கின்-10 ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. அதிக அளவு கொடுத்தவர்களிடம் அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமா கூடியது. அடக்க வந்தது தூண்டிவிட்டது. மூன்றாவது, இடம். டிஜிஎஃப்-பீட்டா வெள்ளை அணுவை அமைதிப்படுத்தும், ஆனால் அதே பொருள்தான் தழும்பையும் உண்டாக்கும். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ள பலரின் கண் நீரில் அது கூடுதலாக இருக்கிறது. விழித்திரை மேல் தழும்புச் சவ்வு வளர்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. அழற்சியை நிறுத்த அதை ஊற்றினால் அழுத்தமும் தழும்பும் வரலாம்.

கடைசியாக, நேரம். எலிக்கு நோய் எந்த நாளில் தொடங்கும் என்று தெரியும், அதற்கு முன்னாலோ அன்றைக்கோ மருந்து கொடுத்துவிடலாம். நம் ஆட்கள் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது நோய் பல வாரம் முந்திப் போயிருக்கும்.

அப்போ மனுஷங்களுக்கு இந்த மாதிரி எதுவுமே குடுக்கறது இல்லையா?

கொடுக்கிறார்கள், குறிப்பிட்ட நோய்களுக்கு. முக்கியமானது இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா. வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண்ணோடு கண்ணைத் தாக்கும் பெசெட் நோயில், மற்ற மருந்துக்கு அடங்காத அழற்சிக்கு அதைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள். நிறுத்திய பிறகும் சிலருக்கு நீண்ட காலம் திரும்ப வராமல் இருந்திருக்கிறது. விழித்திரையின் நடுவில் கோர்த்த நீர் வற்றவும் அது உதவியிருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் நரம்பு நோயோடு வரும் கண் அழற்சியில் இன்டர்ஃபெரான்-பீட்டாவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இத்தனைக்கும் 1957-இல் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தபோது அது வைரஸை எதிர்க்கும் பொருளாகத்தான் அறியப்பட்டது.

லேசான மருந்து இல்லை இது. ஊசி போட்ட அன்று காய்ச்சல், உடம்பு வலி வரும். ரத்த அணுக்கள் குறையலாம். மனச்சோர்வு வரலாம். வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு இறங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்டர்லூக்கின்-1 ஏற்பி எதிரியின் செயற்கை வடிவமான அனாகின்ராவுக்கு அமெரிக்காவில் 2001-இல் மூட்டுவாதத்துக்காக அனுமதி கிடைத்தது. கண் உலர்வு நோய்க்கு அதைச் சொட்டு மருந்தாக்கிச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கண்ணின் உள் அழற்சிக்கு அது வழக்கமான மருந்து அல்ல.

எங்க அக்காவுக்கு ரெண்டு வாரத்துக்கொரு தடவை அடாலிமுமாப் போடுறாங்க. அதுவும் இந்த சைட்டோகைன் தானே?

இல்லை. அது சைட்டோகைனைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம். மேலே சொன்ன உவமையில், மாலைச் சங்கை ஊதுவது இல்லை, டிஎன்எஃப் என்ற ஒரு காலைச் சங்கின் வாயை அடைப்பது. கிருமியால் வராத நடுப்பக்க, பின்பக்க, முழுக்கண் யுவியைட்டிஸுக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போதைய பெரிய ஆய்வு ஒன்றில், வெற்று ஊசி போட்டவர்களுக்குச் சிகிச்சை தோற்க ஆன காலம் நடுமதிப்பில் 13 வாரம், அடாலிமுமாப் போட்டவர்களுக்கு 24 வாரம். 2014 முதல் இந்தியாவிலும் இதற்கு ஒப்பான மருந்து தயாராகிறது.

டிஎன்எஃப்தான் காசநோய்க் கிருமியை நுரையீரலில் கட்டிவைத்திருப்பது. அதை அடைத்தால் உறங்கும் காசநோய் எழுந்துவிடலாம். அதனால்தான் மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்க்கான மாண்டோ தோல் சோதனையோ ரத்தச் சோதனையோ எடுக்காமல் இதைத் தொடங்கமாட்டார்கள். "ஊசிக்கு முன்னாடி எதுக்கு இத்தனை டெஸ்ட்" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மூட்டுக்கு நல்லா வேலை செஞ்ச ஊசி கண்ணுக்கு ஏன் வேலை செய்யலை?

கண் தனி நாடு என்பதற்கு இதுவே சாட்சி. எட்டனர்செப்டும் டிஎன்எஃபைத்தான் பிடிக்கிறது, மூட்டுக்கு நல்ல மருந்து. ஆனால் கண் அழற்சிக்கு அது உதவவில்லை, அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே புதிதாகக் கண் அழற்சி வந்தவர்களும் உண்டு. எலிகளின் கண் அழற்சியில் இன்டர்லூக்கின்-17-க்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், அதை அடைக்கும் செக்குகினுமாப்பை யுவியைட்டிஸ் நோயாளிகளிடம் மூன்று பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். மூன்றிலும் முக்கிய இலக்கு எட்டப்படவில்லை. எலியில் ஜெயித்ததை வைத்து யாராவது உறுதி சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும்ங்கறாங்க. சைட்டோகைன் மருந்து வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சா என்ன?

நிறுத்தவே கூடாது. ஸ்டீராய்டு ஒரு சங்கை மட்டும் அடைப்பதில்லை, சங்குகளுக்குப் போகும் மின்சாரத்தையே குறைக்கிறது. செல்லுக்குள் புகுந்து பல சைட்டோகைன்கள் ஒரே நேரத்தில் தயாராவதைத் தடுக்கிறது. அவ்வளவு வேகமாகக் கேட்கும் வேறு மருந்து கையில் இல்லை. கண்புரை, கண் அழுத்தம், சர்க்கரை, எலும்புத் தேய்மானம் எல்லாம் உண்மைதான். அதற்காகத்தான் படிப்படியாகக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றுகிறார்கள்.

என் தங்கை இரண்டாவது வருடம் யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையைச் சட்டென்று விட்டுவிட்டாள். நான் கடையில் இருந்தேன், வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. பத்து நாளில் அழற்சி பழையதைவிட மோசமாகத் திரும்பியது. வலது கண்ணில் அன்று போன பார்வையில் ஒரு பங்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் ஸ்டீராய்டு சீட்டோடு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் கேன்சர் மருந்தாச்சே, கண்ணுக்கு எதுக்கு?

புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இது கண்ணைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மிகக் குறைந்த அளவு. மதுரை, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளும் பங்கெடுத்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. பல நாடுகளில் 216 நோயாளிகளிடம் மெத்தோட்ரெக்ஸேட்டையும், அதே வேலைக்குக் கொடுக்கும் மைக்கோஃபினோலேட் என்ற மருந்தையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாத முடிவில் முதலாவதில் 66.7 சதவீதம், இரண்டாவதில் 57.1 சதவீதம் பேருக்குச் சிகிச்சை வெற்றி. புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. விலை குறைந்த மருந்து பின்தங்கவில்லை என்பது நம் ஊருக்கு நல்ல சேதி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையில் பேனாவால் எழுதித்தான் தருவேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், ஆணோ பெண்ணோ, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு விட்டா குளிர்ச்சியாகுமே?

வேண்டாம். அழற்சி இருப்பது கண்ணுக்கு உள்ளே, இவை எதுவும் அங்கே போகாது. வெளியிலிருந்து கிருமி மட்டும் போகும்.

ஊசியை ஃப்ரிட்ஜ்ல வெக்கணுமா? நம்ம ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரி தானே இருக்கு.

வைக்க வேண்டும். இந்த ஊசிகள் எல்லாமே புரதம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோத்தகிரிப் பகல் அதைவிட வெப்பம்தான். மார்கழி, தை உறைபனியில் ஜன்னல் ஓரம் வைத்தால் அதற்கு எதிர்ப்பக்கம் கெடும். உறைந்த புரதம் மறுபடி உருகினாலும் வேலைக்காகாது. ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காதீர்கள். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிற மாவட்டம் இது, தடுப்பூசியைக் குளிரில் காக்கும் வழக்கம் நம் பெரியவர்களுக்கே பழக்கம்.

கோயம்புத்தூரில் வாங்கிக் கொண்டுவரும்போது ஐஸ் பையும் ஊசியும் நேராக ஒட்டாமல் நடுவில் ஒரு துணி இருக்கட்டும். மேட்டுப்பாளையத்தில் ரோடு அடைபட்டால் மூன்று மணி நேரமும் ஆகலாம் என்று கணக்கிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

விழித்திரை ஆபரேஷன் முடிஞ்சு அன்னைக்கே மலைக்கு வந்துடலாமா?

யுவியைட்டிஸ் முற்றி ஆபரேஷன் வரை போனவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் வரவே கூடாது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஏறும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உள்ளே இருக்கும் வாயு விரிந்து கண் அழுத்தம் தாறுமாறாக ஏறும், பார்வையே போகலாம். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய ஒரு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். கீழேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். "நான் நீலகிரி" என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால், முடிந்தால் வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைப்பதை யோசிப்பார். அது விரியாது.

ஒரே ஊசியில ஜீனைப் போட்டு கண்ணே சைட்டோகைன் சுரக்கற மாதிரி பண்ணலாமாமே?

ஆயுள் பிரச்சினை என்று மேலே சொன்னேனே, அதற்கு ஆய்வாளர்கள் தேடும் விடை இதுதான். தீங்கில்லாத வைரஸ் ஒன்றின் கூட்டுக்குள் இன்டர்லூக்கின்-10 ஜீனை வைத்து விலங்குகளின் கண்ணில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண் அதைச் சுரந்தது, அழற்சி குறைந்தது. இதே வகை வைரஸில் பரம்பரை விழித்திரை நோய்க்கான ஜீன் மருந்துக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆக, கண்ணுக்கு ஜீன் கொடுக்கும் வழி கற்பனை இல்லை. வைரஸே இல்லாமல், கண் தசைக்குள் மின் துடிப்பால் ஜீனைச் செலுத்தி டிஎன்எஃபைப் பிடிக்கும் புரதத்தைச் சுரக்கவைக்கும் முயற்சி யுவியைட்டிஸ் நோயாளிகளிடமே நடந்திருக்கிறது.

எனக்கு இருக்கும் தயக்கம் இரண்டு. வைரஸ் கூடே சில கண்களில் அழற்சியைக் கிளப்புகிறது. யுவியைட்டிஸ் கண்ணுக்கு அது இன்னும் பெரிய சங்கடம். அப்புறம், ஓயாமல் ஊதும் மாலைச் சங்கை நிறுத்துவது எப்படி? நாளைக்குக் கண்ணுக்குள் நிஜமாகவே கிருமி வந்தால் படை தேவைப்படும். அழற்சி எழும்போது மட்டும் சுரக்கும்படி ஜீனை வடிவமைக்கும் வேலை நடக்கிறது. நான் ஆவலோடு காத்திருப்பது அதற்காகத்தான்.

ஒருத்தர் சைட்டோகைன் ஊசி போடுறேன்னு ரெண்டு லட்சம் கேக்கறாரு. போட்டுக்கலாமா?

வேண்டாம். கண் அழற்சிக்கு இன்டர்லூக்கின்-10 ஊசி இன்று எந்தக் கடையிலும் விற்கும் மருந்து இல்லை. ஆய்வு என்றால், இந்தியாவில் மருந்து ஆய்வுகளைத் தொடங்குமுன் சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். யாரும் இணையத்தில் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தரவேண்டும், நெறிமுறைக் குழு அனுமதி இருக்கவேண்டும். சோதனை மருந்துக்கே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கண்ணுல இருந்து தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. இன்டர்லூக்கின்-10 அதிகம்னு வந்திருக்கு. அடக்குற சைட்டோகைன் தானே, அப்போ நல்லதுதானே?

இப்படிக் கேட்டவர் சந்தோஷமாக வந்தார், எனக்குச் சொல்லவே கஷ்டமாக இருந்தது. வயதானவர்களுக்கு ஸ்டீராய்டுக்கு அரைகுறையாக அடங்கி அடங்கித் திரும்பும் "யுவியைட்டிஸ்" சிலசமயம் அழற்சியே இல்லை. கண்ணுக்குள் வளரும் லிம்ஃபோமா எனும் புற்றுநோய் அழற்சி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும். அந்தப் புற்றுநோயின் செல்கள் (பி-செல் எனும் வெள்ளை அணு வகை) இன்டர்லூக்கின்-10-ஐ நிறையச் சுரக்கும். சாதாரண அழற்சியில் இன்டர்லூக்கின்-6 தான் மேலோங்கும். அதனால் டாக்டர்கள் 10-க்கும் 6-க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். அது ஒன்றைத் தாண்டினால் லிம்ஃபோமா சந்தேகம் எழும்.

சந்தேகம்தான், முடிவு இல்லை. கண் ஜெல்லிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த நோய் கண்ணிலும் மூளையிலும் சேர்ந்து இருக்கும் வழக்கம் உண்டு. இப்படி ஒரு ரிப்போர்ட் கையில் இருந்தால் அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே இறங்கி, அந்த டெஸ்ட்டை எழுதிய டாக்டரிடமே காட்டுங்கள்.